ஃபார்மேட் அடிக்கலாமா என்று கேட்பதற்கு முன்

பெரிய அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால், எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்விதான்: “ஃபார்மேட் அடிச்சிரலாமா?” அதாவது, டிஸ்க்கை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாமா என்று. பழுது பார்க்க வருகிறவரும் பெரும்பாலும் அதையே சொல்வார். அவருக்கு அது சுலபம், அரை நாளில் முடித்துக் கையில் கொடுத்துவிடலாம். மெஷினுக்குச் சொந்தக்காரர்தான் அதன் பிறகு ஃபான்ட்டைத் தேடிக்கொண்டும், பிரிண்டர் சிடியைத் தேடிக்கொண்டும், மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டும் அலைய வேண்டும்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டி.டி.பி., பத்திரிகை வேலை, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனால் நாலு கடைக்காரர்களுக்கு நடுவில் கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால், யார் வீட்டு மெஷின் மக்கர் செய்தாலும் நம் வாசலுக்குத்தான் வரும். அப்படி வந்தவற்றில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு (வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் ஊருக்கு இதைவிட மோசமான தேதி கிடைத்திருக்காது. அந்தச் சமயத்தில்தான் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும். கொள்முதலுக்கு ஆன்லைனில் பதிய ஆட்கள் வருவார்கள். அது ஓய்வதற்குள் சம்பா பயிர்க் காப்பீடு வந்துவிடும். வழக்கமாக நவம்பர் 15 வாக்கில் கடைசித் தேதி, சில வருடம் நீட்டிப்பார்கள். சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் என்று ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வரிசையில் நிற்பார்கள். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்கும் மாதமும் நவம்பர்தான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாதிக் கடைக்காரர்கள் விண்டோஸ் 11க்கு மாறினார்கள்.

அப்போது வந்த மெஷின்களைப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். விண்டோஸே கெட்டுப்போய் வந்தவை குறைவு. கெட்டது எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய சாமான்கள்: பத்து வருடத்துப் பிரிண்டர், கைரேகைக் கருவி, ஏதோ ஒரு கேபிள், ஏதோ ஒரு ஃபான்ட். இவற்றில் எதையும் ஃபார்மேட் சரி செய்யாது. ஃபார்மேட் அடித்த பிறகும் அதே பழைய கேபிளைத்தானே செருகப்போகிறோம்?

ஆகவே யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எது ஓடவில்லை என்பதோடு எது ஓடுகிறது என்பதையும். “பிரிண்ட் வரலை” என்றால் நோட்பேடைத் திறந்து நாலு எழுத்து அடித்துப் பிரிண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். நோட்பேடிலிருந்து வந்து பிரவுசரிலிருந்து வரவில்லை என்றால் பிரிண்டரில் குறை இல்லை. ஒரு யு.எஸ்.பி. துளையில் தெரியாதது பக்கத்துத் துளையில் தெரிகிறதா? வைஃபை போய்விட்டது என்றால், செல்போனைக் கேபிளில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங் போட்டால் நெட் வருகிறதா? வந்தால் வைஃபை டிரைவர்தான் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்) பிரச்சினை, அதே செல்போன் நெட்டில் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். மெஷினில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ பொத்தான் அழுத்தும் நிலையில் இருந்தால் பழைய டிரைவருக்கே திரும்பிவிடலாம். பத்து நிமிட வேலை.

மெஷின் மெதுவாகிவிட்டது என்ற புகாருக்கு மட்டும் நான் ஒன்றும் செய்வதில்லை. அப்டேட் முடிந்த கையோடு உள்ளே இன்னும் பல வேலை ஓடிக்கொண்டிருக்கும். கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதனை ஓடும், மிச்ச அப்டேட்களை இறக்கும். ராத்திரி முழுக்க ஆன் செய்து விட்டுவிட்டு, காலையில் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அதற்கப்புறமும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும். சுழலாத, வேகமான வகையான எஸ்.எஸ்.டி. போடுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

இனி உண்மையிலேயே தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தவை.

முதலாவது ஷேரிங். எங்கள் பக்கத்துக் கடைகளில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருக்கும், ஒன்றில் பிரிண்டரும் ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். மற்றவை அதைப் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் திறக்கும். வருடக்கணக்காக இப்படியே ஓடியது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, குறிப்பாக புரோ வகை, கடவுச்சொல் இல்லாத இந்த விருந்தாளி நுழைவை ஏற்பதில்லை. ஃபோல்டரைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதைத் தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். எந்த நிறுவனம்? கடையில் இருப்பது நானும் ஒரு பையனும்.

இணையத்தில் தேடினால், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்று, அதை நிறுத்து என்று பாதுகாப்பையே அணைக்கும் வழிதான் முதலில் கிடைக்கும். செய்தால் உடனே வேலை செய்யும், அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் எங்கள் மாதிரிக் கடையில் நாளெல்லாம் கண்டவர் பென்டிரைவும் உள்ளே போய் வருகிறது. ஒரு மெஷினில் வைரஸ் புகுந்தால், திறந்து கிடக்கும் ஃபோல்டர் வழியே எல்லா வாடிக்கையாளரின் ஆதார் நகலும் போகும். சரியான வழிக்கும் அதே அளவு நேரம்தான் ஆகும். ஃபோல்டர் இருக்கிற மெஷினில் கடவுச்சொல்லோடு ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்குங்கள். ஃபோல்டரையும் பிரிண்டரையும் அந்தக் கணக்குக்குப் பகிருங்கள். மற்ற மெஷினில் முதல் முறை திறக்கும்போது அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்று டிக் செய்தால் முடிந்தது. கேட்காமலே மறுத்தால், கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் போய் நாமே எழுதி வைத்துவிடலாம்.

பிரிண்டர் பற்றி இன்னொன்று. கடைசியாக எதில் அடித்தோமோ அதையே டிஃபால்ட் பிரிண்டராக விண்டோஸ் வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு செட்டிங்ஸில் இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், ஒரு தடவை பிடிஎஃப் ஆகச் சேமித்த பிறகு பிரிண்ட் கொடுப்பதெல்லாம் பிடிஎஃப் ஆகவே போகும். “காகிதம் வரமாட்டேங்குது அண்ணே” என்று வந்தவர்களில் பலருக்கு அதை ஆஃப் செய்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அரிசி ஆலை ஒன்றிலிருந்து வந்த அழைப்பு இதைவிடச் சுவாரசியம். வே பிரிட்ஜில் லாரி ஏறி நிற்கிறது, வெளியே இருக்கிற டிஸ்பிளேயில் எடை தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. அப்டேட்டுக்கு முதல் நாள் வரை வந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் கொடுத்தவர் ஃபோனிலேயே ஃபார்மேட் என்று சொல்லிவிட்டாராம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். எடைக் கருவியிலிருந்து வரும் சீரியல் கம்பியை யு.எஸ்.பி.யாக மாற்றுகிற சின்னக் கேபிளுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அந்தக் கேபிளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிப் வகை 2012லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டிரைவரே இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு வகைச் சிப் உள்ள கேபிளை வாங்கிப் போட்டோம். அப்புறமும் எடை வரவில்லை. காரணம், பழைய கேபிள் காம் 3 என்ற போர்ட் எண்ணில் இருந்தது, புதியது காம் 5 ஆக உட்கார்ந்துவிட்டது. எடை சாஃப்ட்வேர் 3ஐயே பார்த்துக்கொண்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எண்ணை 3 என்று மாற்றியதும் எடை ஓடி வந்தது.

அங்கேயே எடைச் சீட்டு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சின்னச் சீட்டு அடித்துவிட்டு முழுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அப்டேட்டில் டிரைவர் மாறியதில், சீட்டுக்காக யாரோ எப்போதோ போட்டு வைத்த காகித அளவு போய்விட்டது. பிரிண்டர்ஸ் பக்கத்தில் ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே புது ஃபார்ம் உருவாக்கி நீள அகலம் கொடுத்தால் அந்த அளவு பிரிண்டரின் பட்டியலில் வந்துவிடும். ஸ்கேலால் சீட்டை அளந்து போட்டோம். அந்த அளவைச் சுவரிலும் எழுதி வைக்கச் சொன்னேன்.

கைரேகைக் கருவி தனிக் கதை. ஆதார் சரிபார்ப்புக்கான கருவிகள் ‘ஆர்.டி. சர்வீஸ்’ என்ற மென்பொருள் பின்னணியில் ஓடினால்தான் வேலை செய்யும். கருவி ஒளிர்கிறது, டிவைஸ் மேனேஜரிலும் இருக்கிறது, ஆனால் இணையதளம் ‘கருவி இல்லை’ என்கிறது என்றால் அந்த சர்வீஸ் நின்றிருக்கிறது என்று பொருள். சர்வீசஸ் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து ஓட விட்டு, தானாகத் தொடங்கும்படி வைக்க வேண்டும். ஓடியவுடன் நின்றுவிட்டால் பழையதை முழுக்க நீக்கிவிட்டு, கருவி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை நிறுவ வேண்டும். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய கோப்பை நிறுவாதீர்கள். இது ஜனங்களின் கைரேகை விஷயம்.

அதுவும் பலிக்காவிட்டால் ஒன்று பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ என்ற பகுதியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் பழைய, பொருந்தாத டிரைவர்களை ஏற விடாது, எந்த டிரைவர் பொருந்தவில்லை என்ற பட்டியலையும் அங்கேயே காட்டும். எனக்கு இது ஒரு துப்பு மட்டும்தான். எந்த டிரைவர் என்று தெரிந்துகொண்டு, அதன் புதிய பதிப்பைத் தேடுவேன். அந்தப் பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்துவிட்டு ஓட்டச் சொல்ல மனம் வருவதில்லை.

எல்லாம் சரியாகி மெஷின் ஓடுகிறது, அப்போதும் பெரியவர் ஒருவருக்கு ரேகை விழவில்லை. கடைப் பையன் மறுபடி அப்டேட்டைத் திட்ட ஆரம்பித்துவிட்டான். “தம்பி, எனக்குப் போன வருஷமே விழலைப்பா” என்றார் அவர். சேற்றிலும் மண்வெட்டியிலும் வாழ்நாள் முழுக்கத் தேய்ந்த விரல். வேறு விரலை வைத்து, கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, கையைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தோம், மோதிர விரல் விழுந்தது. அப்டேட் வந்த வாரத்தில் எது நடந்தாலும் பழி அப்டேட் தலையில்தான் விழும். முன்பு ஒழுங்காக ஓடியதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

டி.டி.பி. செய்கிறவர்களுக்குச் சில வரிகள். கும்பாபிஷேகப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் கடைகளில் இருக்கும் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு (எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துத் தரம்) முந்தைய ஃபான்ட்களில் அடித்தவை. தமிழக அரசு யூனிகோடை 2010லேயே தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் எங்கள் கோயில் நோட்டீஸ்கள் இன்னும் பாமினி என்ற பழைய ஃபான்ட்டை விடவில்லை. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு அப்படியே ஏற்றினால் ஃபான்ட்கள் தங்கும். ஃபார்மேட் அடித்தால் போய்விடும், திறக்கிற ஃபைல் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கலாக நிற்கும். ஆகவே அப்டேட்டுக்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுக்க ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.

திரும்ப நிறுவும்போது ஒரு சூட்சுமம் உண்டு. இப்போதெல்லாம் ஃபான்ட்டை இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படும். வேர்டில் தெரியும், பழைய பேஜ்மேக்கரில் தெரியாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுக்க வேண்டும். லதா, விஜயா என்ற ஃபான்ட்களைக் காணோம் என்று தேடுகிறவர்கள் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எங்கேயோ இறக்க வேண்டியதில்லை.

அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நீலத் திரை, 48 இலக்க ரிகவரி கீ கொடு என்கிறது. “மாமா, காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க இதுலதான் இருக்கு.” இதில் யாருடைய தவறும் இல்லை. புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே ஆன் ஆகியிருக்கும், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மாதிரி அடிமட்ட மாற்றம் நடந்தால் ஆள் யார் என்று சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். சாவி பொதுவாக, லேப்டாப்பை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அமைத்துக் கொடுத்தவர் கடைக்காரர், அவர் எந்த மெயிலைப் போட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்போனில் இருந்த மெயில்களை எல்லாம் அலசியதில், பிளஸ் டூ படித்தபோது தொடங்கிய ஒரு பழைய மெயிலில் இருந்தது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவி இருந்தால் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை வைத்து ஒப்பிட வேண்டும்.

இந்தச் சாவி கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பதை மீட்க யாராலும் முடியாது. ரிப்பேர் கடையில் முடியும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அப்டேட்டுக்கு முன்பே அந்தச் சாவியை ஒரு தாளில் அடித்து, குடும்ப அட்டை வைத்திருக்கும் பையில் போட்டுவிடுங்கள்.

திரும்பிப் போகும் வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய பதிப்பு மாறிய பிறகு 10 நாள் வரை, செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்று போய் ‘கோ பேக்’ கொடுத்தால் பழைய பதிப்புக்கே போகலாம். ஃபைல்கள் இருக்கும், இடையில் நிறுவிய புது மென்பொருள்கள் மட்டும் போய்விடும். இதற்குத் தேவையான பழைய விண்டோஸ், சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. இடம் அடைக்கிறதே என்று அதை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். செட்டிங்ஸில் அப்டேட்டை அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தி வைக்கலாம். நான் ஐப்பசி பிறந்ததும் நிறுத்துவேன், காப்பீட்டுக் கூட்டம் ஓயும் வரை அது போதும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற தேதியைப் பார்த்து அதற்கு மறுநாள் செய்வது நல்லது. கடைகளில் இருக்கும் சின்ன யு.பி.எஸ். மெஷினை ஒழுங்காக அணைக்கத்தான் போதும், அப்டேட் முடியும் வரை தாங்காது. நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘மாற்றங்கள் நீக்கப்படுகின்றன’ என்று திரையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களை என்ன செய்வது? பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்கள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தடையைச் சுற்றி ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது, 24எச்2 வந்த பிறகு மிகப் பழைய பிராசசர்களில் மெஷின் எழுந்திருப்பதே இல்லை. பணம், கைரேகை, வங்கி வேலை நடக்கிற மெஷினில் நான் அதைச் செய்யமாட்டேன். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸ் 10இலேயே இருக்க விரும்பினால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லாமலும் அது கிடைக்கிறது. அரசு விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீட்டில் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றினால் பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்கப் போதும்.

பேஜ்மேக்கர் இருக்கிற என் பழைய மெஷினை நான் புதுப் பதிப்பு எதற்கும் ஏற்றவில்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பத்திரிகை அடிப்பது, பிடிஎஃப் ஆக்குவது, பென்டிரைவில் எடுத்துப் பக்கத்து மெஷினில் வைரஸ் சோதனை போட்டு அனுப்புவது. இந்த வேலைக்கு அதற்கு அப்டேட் தேவையில்லை.